மூன்றரை அங்குலப் பெட்டியும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரும்

போன மாதம் ஒரு பின்னேரம். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். மகள் மெலனி வந்து கதவடியில் நின்றாள். பள்ளிக்கூடப் பை இன்னும் முதுகில். முகத்தில் சிரிப்பைக் காணவில்லை.

"அப்பா, நான் உண்மையா உங்கட பிள்ளையோ?"

தேத்தண்ணி கோப்பையைத் தாண்டி மேசைக்குப் போய்விட்டது.

பிள்ளைகளே, ஒரு அப்பாவிடம் கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிடப் பெரியது ஏதும் இருக்கிறதா? கணக்குக் கேட்டாலாவது "அம்மாட்டப் போய்க் கேள்" என்று தப்பிவிடலாம். இதற்கு எங்கே ஓடுவது?

"ஆர் சொன்னது?" என்றேன்.

"அண்ணா."

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

விஷயம் இதுதான். மெலனி இயர் சிக்ஸ். அடுத்த வருடம் பெரிய பள்ளிக்கூடம். போகிற பிள்ளைகளுக்கு ஒரு பிரியாவிடை அசெம்பிளி வைக்கிறார்கள். அதில் ஒவ்வொரு பிள்ளையின் குழந்தைப் படத்தையும் பெரிய திரையில் போடுவார்களாம். இது யார் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் படம் அனுப்ப வேண்டும்.

மெலனி வீடு முழுக்கத் தேடியிருக்கிறாள். அவளுடைய அண்ணன் ஜெரோமுக்கு - வயது பதினைந்து - ஒரு முழு ஆல்பம் இருக்கிறது. குளிக்கிற ஜெரோம். தவழ்கிற ஜெரோம். முதல் பல்லோடு ஜெரோம். மாடிப்படி நெடுகச் சட்டம் போட்டு ஜெரோம்.

மெலனிக்கு? ஒன்றே ஒன்று. ஞானஸ்நானத்தன்று எடுத்தது. அதில் பெரியப்பா தெரிகிறார், பெரியம்மாவின் காஞ்சிபுரம் தெரிகிறது, யாரோ ஒருவர் ரோல்ஸ் கடிப்பதுகூடத் தெரிகிறது. நடுவில் ஒரு வெள்ளைச் சால்வைப் பொட்டலம். பொட்டலத்தின் உச்சியில் ஒரு மூக்கு நுனி. அதுதான் எங்கள் மெலனி.

"மூக்கை மட்டும் வைச்சு ஆர் அப்பா கண்டுபிடிக்கிறது?"

நியாயமான கேள்வி.

எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். முதல் பிள்ளை தும்மினால் படம் எடுத்துக் கழுவி ஆல்பத்தில் ஒட்டுவோம். இரண்டாவது பிள்ளைக்குப் படம் எடுப்போம், கணனியில் போடுவோம், "பிறகு பிரிண்ட் எடுப்பம்" என்போம். அந்தப் "பிறகு" வருவதற்கு முன் கணனி செத்துவிடும்!

இந்த இடத்தில்தான் ஜெரோம் புகுந்திருக்கிறான். எங்கள் ஊரில் தம்பி தங்கச்சியை அழவைக்க வேண்டுமென்றால் "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது" என்பார்கள். லண்டனில் தவிட்டுக்கு எங்கே போவது? அவன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

"உன்னை மஞ்சள் ஸ்டிக்கர் தட்டில வாங்கினது. அப்பா வேலையால வரேக்க பாணோட சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தவர். அதுதான் பேபி போட்டோ இல்லை."

நான் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வேலை செய்கிறேன். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். பின்னேரமானால் அன்றைக்கு விற்காத பாணுக்கும் பாலுக்கும் விலை குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவது என் பொறுப்பு. ஆக, பகிடி என் பொக்கெற்றுக்குள் இருந்தே வந்திருக்கிறது.

"அது அண்ணா சும்மா பகிடிக்குச் சொன்னது, மகள்."

"பகிடி எண்டா... போட்டோ எங்க?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. அவள் சத்தமில்லாமல் மேலே போனாள். படியில் ஏறும்போது சுவரில் இருந்த ஜெரோம்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

படங்கள் எங்கே என்று எனக்குத் தெரியும். படிக்குக் கீழே இருக்கும் அலுமாரிக்குள், ஒரு பழைய போர்வை சுற்றி, எங்கள் பழைய மேசைக் கணனி கிடக்கிறது. லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் குடியிருந்த காலத்தில் வாங்கியது. ஒருநாள் சுவிட்சைப் போட்டேன், எழும்பவில்லை. பிறகு சட்டனுக்கு வீடு மாறி வந்தபோது அதையும் தூக்கிக்கொண்டு வந்தோம்.

மனைவி ரெஜினாவிடம் சொன்னேன். அவள் உடனே அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருவதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் எங்கள் விஷயத்தில் சிக்கல் என்னவென்றால், எதுவும் காணாமற் போகவில்லை. அலுமாரிக்குள்ளேயே இருக்கிறது. திறக்கத்தான் தெரியவில்லை.

அதற்குப் பக்கத்து வீட்டுக் கார்த்திக்கைத் தேடிப் போனேன். கோயம்புத்தூர்ப் பொடியன். வங்கியொன்றில் ஐ.டி. வேலை.

"சார், பயப்படாதீங்க. கம்ப்யூட்டர் செத்தாலும் உள்ள இருக்கிற ஹார்ட் டிரைவ் உயிரோடதான் இருக்கும். அதை மட்டும் கழட்டுங்க. எக்ஸ்டர்னல் என்க்ளோஷர்னு ஒண்ணு விக்கும். அதுல போட்டு லேப்டாப்ல சொருகுங்க. அவ்வளவுதான்."

அதாவது ஒரு கோது, பிள்ளைகளே. வெறும் கோது. பழைய கணனிக்குள் படங்களை வைத்திருக்கும் ஹார்ட் டிரைவைக் கழற்றி இந்தக் கோதுக்குள் வைத்தால், அது ஒரு பெரிய பென் டிரைவ் மாதிரி வேலை செய்யும். லேசான வேலைதானே?

லேசான வேலை என்று யாராவது சொன்னால் முதலில் ஒரு கதிரையைத் தேடி இருந்துகொள்ளுங்கள்.

வெம்பிளியில் நாங்கள் வழக்கமாக மரக்கறி வாங்கப் போகும் தெருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை இருக்கிறது. கடைக்காரர் எங்கட ஊர் ஆள். கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு பெட்டியைக் கண்டேன். வெள்ளி நிறம், கைக்கு அடக்கம், நீல லைற் வேறு. ஆசையாக இருந்தது. வாங்கினேன். முருங்கைக்காயும் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்துதான் கணனியின் வயிற்றைத் திறந்தேன். ஹார்ட் டிரைவைக் கழற்றினேன். அது செங்கல் மாதிரி இருந்தது. பெட்டி சிகரெட் பெட்டி மாதிரி இருந்தது.

காலை வீட்டில் வைத்துவிட்டுச் செருப்பு வாங்கப் போனவன் நானாகத்தான் இருப்பேன்.

"அது லேப்டாப் டிரைவுக்கு, சார். உங்களுது பெருசு. அளந்துட்டுப் போங்க," என்றான் கார்த்திக்.

அளந்தேன். ரெஜினாவின் தையல் நாடாவை எடுத்து, ஒருமுறைக்கு இரண்டுமுறை. அகலம் சரியாக நாலு அங்குலம். மீண்டும் வெம்பிளி.

"அண்ணை, நாலு அங்குலப் பெட்டி ஒண்டு தாங்கோ."

"நாலு எண்டு ஒண்டு இல்லை அண்ணை. ரெண்டரை இருக்கு, மூண்டரை இருக்கு."

"மூண்டரைக்குள்ள நாலு எப்பிடிப் போகும்?"

"போகும் அண்ணை."

"எப்பிடிப் போகும்? நான் அளந்துபோட்டுத்தான் வாறன்!"

"அண்ணை, உங்கட டிரைவுக்குப் பேரே மூண்டரை."

"பேர் மூண்டரையா இருக்கட்டும். ஆள் நாலு!"

பின்னால் சிம் கார்ட் வாங்க நின்ற ஒரு அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாவது தரமும் ஏமாறுவேனா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெறும் கையோடு வெளியே வந்தேன். வெறும் கை என்று சொல்ல முடியாது - முருங்கைக்காய் இருந்தது.

கார்த்திக் சிரித்த சிரிப்பில் அவனுடைய மனைவி வெளியே வந்து பார்த்தாள்.

"சார்... அந்தக் காலத்து ஃப்ளாப்பி தட்டோட அளவு அது. பெட்டியோட அளவு இல்ல. வெளிய அளந்தா நாலுதான் வரும்."

சொல்லுங்கள் பிள்ளைகளே, இது என் பிழையா? அளந்தால் நாலு வருகிற பொருளுக்கு மூன்றரை என்று பெயர் வைத்தவனை யாராவது கேட்டார்களா?

மூன்றாவது தரம் நான் எதையும் அளக்கவில்லை. டிரைவையே குசினித் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். கடைக்காரர் என்னைக் கண்டதும், "வாங்கோ, நாலு அங்குலம்!" என்றார். பட்டப்பெயரே வைத்துவிட்டார். ஆனால் மனுசன் நல்லவர். டிரைவைத் திருப்பி அதன் பின்பக்கப் பற்களைக் காட்டினார்.

"முன்னைய டிரைவுகளுக்கு அகலமான பல்லு, ஊசி ஊசியா நிக்கும். உங்கடது அப்பிடி இல்லை, இது சாட்டா. அதுக்கேத்த பெட்டி எடுக்கவேணும். மற்றது, இந்தப் பெரிய டிரைவுக்கு யூ.எஸ்.பி. வயரில வாற கரண்ட் காணாது. தனிப் பிளக்கோட வாறதாப் பாருங்கோ."

அளவு, பல்லு, பிளக். இந்த மூன்றையும் அவர் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். முதல் நாள் நான் எங்கே கேட்டேன்? நீல லைற்றைத்தானே பார்த்தேன்.

வியாழக்கிழமை. எனக்கு லீவு. ரெஜினா வேலைக்குப் போய்விட்டாள். ஜெரோம் தன் லேப்டாப்பைத் தந்துவிட்டு - "அப்பா, ஒண்டையும் டிலீட் பண்ணாதீங்கோ" - பந்தடிக்கப் போய்விட்டான். நானும் மெலனியும் சாப்பாட்டு மேசையில். டிரைவைக் கோதுக்குள் வைத்தேன். திருகாணி பூட்டினேன். வயரைச் சொருகினேன். சிலுவை அடையாளமும் போட்டேன்.

ஒரு அசைவு இல்லை.

காதை வைத்துப் பார்த்தேன். சுவாசம் இல்லை. அவ்வளவுதானா? மெலனியின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"அப்பா," என்றாள் அவள், "சுவர்ப் பிளக்கில சுவிட்ச் போடேல்ல."

போட்டேன். உள்ளே மெல்லிய சத்தத்தோடு அது சுற்றத் தொடங்கியது. மெலனி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் ஃபோல்டர்கள் வந்தன. 'அப்பா' என்று என் பெயரிலேயே ஒன்று. அதை அமத்தினேன். உடனே ஒரு அறிவிப்பு - இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை. கீழே 'கண்டினியூ' என்று ஒரு பொத்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மன்னிப்புக் கேட்காத குறையாக அதை மூடிவிட்டேன். எனக்கு அனுமதி இல்லை என்றால் இல்லைதான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எத்தனை அலுவலகங்களின் கண்ணாடி யன்னல்களுக்கு முன்னால் அந்தச் சொல்லைக் கேட்டிருப்பேன்... அதைக் கேட்டால் கால் தானாகத் திரும்பி நடக்கும்.

பக்கத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரு படங்கள் ஃபோல்டர் இருந்தது. அது அனுமதி கேட்கவில்லை. திறந்தேன். ஜெரோம், ஜெரோம், ஜெரோம்... அதன் நடுவில்...

"அப்பா! நில்லுங்கோ!"

ஒரு குழந்தை. ரோஸ் நிறச் சட்டை, சுற்றிவரச் சுருக்கு. தலையில் மல்லிகைப்பூ. நெற்றியில் பொட்டு, கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. கதிரையில் சாய்ந்து பொக்கை வாயால் சிரிக்கிறது. என்ன வடிவு!

"நானா அப்பா?"

"வேற ஆர்? பார், அதே கண்!"

அவள் துள்ளிய துள்ளலில் கோதின் வயர் கழன்றிருக்கும். அந்த நிமிடமே என் போனால் அதைப் படமெடுத்து மிஸ்ஸுக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். "ஸோ க்யூட்! சட்டை பிரமாதம்!" என்று மிஸ்ஸின் பதிலும் வந்துவிட்டது. மூன்று தரம் வெம்பிளி போன அலுப்பெல்லாம் பறந்தது.

கொஞ்ச நேரத்தில் ஜெரோம் வந்தான். பாணை வாட்டிக் கடித்துக்கொண்டே, "பரவாயில்லை, ஆள் வடிவாத்தான் இருந்திருக்கு," என்று ஒப்புக்கொண்டான். அவன் வாயால் அப்படி வருவதே பெரிய விஷயம். மெலனி தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

பிறகு ரெஜினா வந்தாள். கோட்டைக் கழற்றாமலே குனிந்து திரையைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ... இது எங்கட தம்பியெல்லோ!"

எங்கள் வீட்டில் தம்பி என்றால் ஜெரோம்.

பாண் கடிக்கும் சத்தம் நின்றது.

"என்ன விசர்க் கதை," என்றேன். "சட்டை போட்டுப் பூவும் வைச்சிருக்கு..."

"நான்தானே போட்டுவிட்டனான்! ஆம்பிளைப் பிள்ளைக்குச் சின்னனில ஒருக்கா பொம்பிளைப்பிள்ளை உடுப்புப் போட்டுப் படம் எடுக்கிறது எங்கட சனம் எல்லாரும் செய்யிறதுதானே? அக்கான்ர மகளின்ர சட்டை அது. இந்தக் கதிரையைப் பாருங்கோ. மெலனி பிறக்கேக்க இந்தக் கதிரை எங்க இருந்தது? அதுக்கு முந்தியே இவன் ஏறி நிண்டு அதின்ர காலை உடைக்க, எறிஞ்செல்லோ விட்டனாங்கள்!"

ஜெரோமின் முகம் அந்தச் சட்டையின் நிறத்துக்கு வந்தது.

"அனுப்பிட்டீங்களோ?" அவன் குரல் கீச்சிட்டது. "மிஸ்ஸுக்கு அனுப்பிட்டீங்களோ? அப்பா, அவ என்னையும் படிப்பிச்சவ! முழுப் பள்ளிக்கூடமும் பார்க்கப் போகுது!"

மெலனி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ரெஜினா கண்ணைத் துடைத்துச் சிரித்தாள். பிறகு மெலனியின் சிரிப்பு மட்டும் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது.

"அப்ப... நான் எங்க?"

நாளைக்கு வெள்ளிக்கிழமை.

ஜெரோம்தான் முதலில் அசைந்தான். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். அவன் தனக்காகத் தேடினானா, தங்கச்சிக்காகத் தேடினானா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் ஒரே படம்தானே.

"அப்பா, இந்த ஃபோல்டர் பார்த்தனீங்களோ? உங்கட பேர் கிடக்கு."

"அதுக்கு அனுமதி இல்லை, தம்பி."

"ஆர் சொன்னது?"

"எழுதிக் கிடக்கு."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். 'கண்டினியூ' பொத்தானை அமத்தினான். அவ்வளவுதான். கதவு திறந்துவிட்டது.

பாருங்கள் பிள்ளைகளே, இதுதான் வித்தியாசம். என் பெயர் எழுதிய கதவில் அனுமதி இல்லை என்றால் நான் திரும்பிப் போகிறேன். இங்கே பிறந்தவன் தொடர்ந்து உள்ளே போகிறான். அது குழப்படி என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்!

உள்ளே மெலனி இருந்தாள்.

ஒன்றல்ல, நூறல்ல. பக்கம் பக்கமாக மெலனி. அப்போது ரெஜினாவுக்குப் பகலில் வேலை, எனக்குப் பின்னேர ஷிப்ட். அதனால் அவள் பிறந்த வருடம் முழுக்கப் பகலில் அவளோடு வீட்டில் இருந்தவன் நான். நித்திரை கொள்கிற மெலனி. என் யூனிபார்ம் மேல் வாந்தி எடுத்த மெலனி. வாழைப்பழத்தைக் காதுக்குள் வைக்கிற மெலனி. ஜெரோமின் ஆல்பத்தில் இருப்பதைவிட அதிகம். எடுத்த எனக்கே மறந்துபோயிருந்தது.

மெலனி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாடியை என் தோளில் ஊன்றியிருந்தாள்.

திடீரென்று ஜெரோமின் கை நின்றது. அடுத்த படத்துக்குத் தாவப் பார்த்தான்.

"நில்!" என்றாள் மெலனி. "பின்னுக்குப் போ."

கட்டிலில் மெலனி மல்லாந்து கிடக்கிறாள். பக்கத்தில் நாலு வயது ஜெரோம், முன்பற்கள் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அவளைக் கட்டிப்பிடித்திருக்கிறான். கையில் என் வேலைச் சட்டையின் பொக்கெற்றில் இருந்து எடுத்த ஸ்டிக்கர் சுருள். மெலனியின் நெற்றியில், பொட்டு வைக்கிற அதே இடத்தில்... ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்.

யாருக்கும் சிரிப்பு வர ஒரு கணம் பிடித்தது. பிறகு வந்ததை நிறுத்த முடியவில்லை.

"நான் சொன்னனான்தானே," என்றான் ஜெரோம். ஆனால் குரலில் பழைய நக்கல் இல்லை. அவனும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு இந்தப் படம்தான் வேணும்," என்றாள் மெலனி.

அன்றிரவே மிஸ்ஸுக்கு எழுதினேன் - முதலில் அனுப்பியது வேறு பிள்ளை, மன்னிக்கவும். எந்தப் பிள்ளை என்று எழுதவில்லை. அதற்கு ஜெரோம் என் பக்கத்திலேயே காவல் நின்றான்.

படங்களை இரண்டு மூன்று இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள், பிள்ளைகளே. இதைப் பெரியவர்கள் சொன்னால் கேட்க மாட்டீர்கள். மெலனியும் கேட்டதில்லை. ஆனால் அந்த ரோஸ் சட்டைப் படத்தை மட்டும் அவள் என் போனில் ஒன்று, அம்மாவின் போனில் ஒன்று, கார்த்திக் அங்கிளிடம் ஒன்று என்று பத்திரப்படுத்திவிட்டாள். ஜெரோம் இப்போதெல்லாம் சொல்லாமலே கோப்பை கழுவுகிறான்.

அசெம்பிளிக்கு நானும் ரெஜினாவும் போனோம். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய குழந்தை திரையில் வந்ததும் மண்டபமே சிரித்தது. மிஸ் விளக்கம் கேட்டார். மெலனி எழும்பி, சத்தமாக, "அது நான். கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறது என்ர அண்ணா. ஸ்டிக்கர் ஒட்டினதும் அவர்தான்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அன்று இரவு நான் வேலையால் வரும்போது வழக்கம்போல் பாண் கொண்டுவந்தேன். மேசையில் வைத்ததும் ஜெரோம் அதிலிருந்த மஞ்சள் ஸ்டிக்கரை உரித்தான். மெலனியின் நெற்றியில் பட்டென்று ஒட்டினான். எனக்குப் பகீர் என்றது. மறுபடி தொடங்கிவிட்டானா?

அவள் அதைக் கழற்றவில்லை. இன்னும் நன்றாக ஒட்டும்படி விரலால் அமத்திவிட்டாள்.

"ஒட்டினா ஒட்டினதுதான், அண்ணா. மஞ்சள் ஸ்டிக்கர் சாமானைத் திருப்பிக் குடுக்க ஏலாது. வேணுமெண்டா அப்பாட்டக் கேள்."

அந்தக் கடையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன் - ஓம், அதுதான் சட்டம்.